அப்பா சொன்ன சாட்சி

1

ஜெர்மனிக்கு வந்து போன நவம்பரோடு இருபது வருடம் முடிந்தது. குடிநீரைப் பரிசோதிக்கும் ஒரு ஆய்வகத்தில் எனக்கு வேலை. காலையில் டிராம், மாலையில் டிராம், நடுவில் கண்ணாடிக் குடுவைகள். ஊரில் இருப்பவர்களுக்கு எழுத அதில் ஒன்றுமில்லை. இந்தக் குளிர்காலத்தில் நடந்ததை மட்டும் எழுதத் தோன்றுகிறது.

எங்கள் தெருவில், டிராம் நிற்கும் இடத்துக்கு எதிர் வீட்டு வாசலில், நடைபாதைக் கற்களுக்கு நடுவே நான்கு பித்தளைச் சதுரங்கள் பதித்திருக்கும். உள்ளங்கை அளவுதான். வந்த புதிதில் அவற்றில் 'இங்கே வாழ்ந்தார்' என்ற வார்த்தைகளை மட்டும்தான் எனக்குப் படிக்கத் தெரிந்தது. பெரிய மனிதர்கள் யாரோ வாழ்ந்த தெருவில் நமக்கு வீடு கிடைத்திருக்கிறது என்று பாபநாசத்துக்குப் போன் போட்டு அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். மொழி வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் மீதி வரிகளைப் படித்தேன். ஒரு தையற்காரர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். யூதர்கள். ஹிட்லர் காலத்தில் இந்த வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நான்கு பேரும் முகாமில் கொல்லப்பட்டார்கள். சின்னப் பெண்ணுக்கு ஆறு வயது. அப்பாவிடம் மறுபடி போன் செய்து நான் சொன்னது தப்பு என்று சொல்ல ஏனோ எனக்கு வாய் வரவில்லை.

பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது அந்தக் கால வரலாற்றை எல்லாம் மனப்பாடம் செய்து தேர்வு எழுதினேன். ஒரு கேள்வி கூடத் தவறவில்லை. அதிகாரி கைகொடுத்துப் பாராட்டினார். என் ஊரைப் பற்றி அப்படி ஒரு தேர்வு வைத்திருந்தால் தோற்றிருப்பேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மகள் தாரிணிக்குப் பதினைந்து வயது. ஒவ்வொரு நவம்பரிலும் இங்கே பள்ளிப் பிள்ளைகள் அந்தப் பித்தளைகளைத் துடைத்துச் சுத்தம் செய்வார்கள். இந்த முறை அவள் வகுப்பின் முறை. என்னிடம் பழைய துணி கேட்டாள். நான் துணியோடு ஒரு டப்பாவில் ஊறவைத்த புளியும் கொடுத்து அனுப்பினேன். பித்தளைக்குப் புளியைவிட வேறென்ன வேண்டும்? எல்லாப் பிள்ளைகளும் முட்டி போட்டு உட்கார்ந்து புளியால் தேய்த்தார்களாம். பெயர்கள் பளிச்சென்று வந்தனவாம். கை பிசுபிசுவென்று இருக்க, சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தாள்.

கூடவே ஒரு வீட்டுப்பாடமும் வந்தது. 'இருண்ட காலத்தில் உன் குடும்பம் என்ன செய்தது? வீட்டில் கேட்டு எழுது. குடும்பம் வேறு நாட்டிலிருந்து வந்திருந்தால் அந்த நாட்டின் இருண்ட காலத்தை எழுது.' அவளுடைய தோழி லேனா ஏற்கெனவே எழுதிவிட்டாள். லேனாவின் கொள்ளுத் தாத்தா ரயில்வேயில் குமாஸ்தா. யாரையும் அவர் கையால் தொட்டதில்லை. முகாமுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். அதை வாசிக்கும்போது லேனா அழுதாள் என்று தாரிணி சொன்னாள்.

2

நான் அவளுக்கு உப்புக் கதையைச் சொன்னேன். வெள்ளைக்காரன் காலத்தில் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போன தொண்டர்கள் எங்கள் பக்கமாக நடந்து போனார்கள், எங்கள் வீட்டு ஆட்கள் ரகசியமாக மோர் கொடுத்தார்கள் என்று. குடும்பத்தில் எல்லோரும் சொல்லும் கதை. உண்மையாகவும் இருக்கலாம். தாரிணி சுறுசுறுப்பாக எழுதிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். தஞ்சாவூர்ப் பக்கத்து வரலாற்றைத் தேடிப் படித்திருக்கிறாள்.

"அம்மா, சாணிப்பால்னா என்ன? அது ஒரு வகைப் பாலா? நம்ம ஊர்ல குடிப்பாங்களா?"

அடுப்பை அணைத்துவிட்டேன். தோசையை எடுத்தேனா என்று நினைவில்லை.

அவளுக்குத் தெரிந்த தமிழிலும் எனக்குத் தெரிந்த ஜெர்மனிலுமாகச் சொன்னேன். நிலம் சிலரிடம் இருந்தது, அந்த நிலத்தில் உழைக்கத் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பட்டுக் கிடந்தவர்களைப் பண்ணையாள் என்றார்கள். அவர்கள் எதிர்த்துப் பேசினால், வேலைக்கு நேரம் தவறினால், சவுக்கால் அடிப்பார்கள். மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். சட்டம் போட்டு ஒழித்த பிறகும் அந்தப் புத்தி உடனே போய்விடவில்லை.

அவள் கணினியை மூடினாள். பிறகு, "நம்ம வீட்ல நிலம் இருந்துச்சுல்ல?" என்றாள்.

இருந்தது என்றேன்.

"நம்ம வீட்ல என்ன செஞ்சாங்க?"

எனக்குத் தெரியாது என்றேன்.

3

தெரியாது என்பது பாதிப் பொய்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்து பெஞ்சில் அமுதா என்ற பெண் இருந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரி. அவளுடைய அப்பா வைரக்கண்ணு ஒரு காலத்தில் எங்கள் நிலத்தில் வேலை செய்தவர். ஒருநாள் நான் ஏதோ பேச்சுக்கு, உங்கள் அப்பா ஏன் எல்லா வேலையையும் இடது கையால் செய்கிறார் என்று கேட்டுவிட்டேன். அமுதா கோபப்படவில்லை. "அவரால வலது கையைத் தூக்க முடியாது. ஏன்னு உங்க அப்பாவைக் கேளு, சொல்லுவாரு" என்றாள்.

நான் அம்மாவைக் கேட்டேன். அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். சடையைச் சுண்டி இழுத்து, இதை அப்பாவிடம் கேட்டால் தோலை உரித்துவிடுவேன் என்றாள். நான் கேட்கவில்லை. அமுதாவுக்குப் பக்கத்தில் உட்காருவதையும் விட்டுவிட்டேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அம்மா இப்போது இல்லை. அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றுப் பாபநாசத்தில் தனியாக இருக்கிறார். எண்பத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமை தோறும் தாரிணியோடு வீடியோவில் பேசுவார். பேச்சு என்பதைவிடத் தமிழ் வகுப்பு என்று சொல்லலாம். 'தாத்தா வந்தான்' என்று அவள் சொல்லி, 'வந்தார்' என்று அவர் திருத்தி, இப்படிப் பத்து வருடமாக நடக்கிறது. மகள் என்னை விட்டு எவ்வளவு விலகிப் போனாலும் அந்த அரைமணி நேரத்தை விட்டதில்லை.

சுற்றிவளைத்துப் பேசும் தமிழ் அவளுக்கு வராது. அந்த ஞாயிற்றுக்கிழமை நேராகக் கேட்டாள். "தாத்தா, நம்ம வீட்ல யாரையாவது கட்டி வச்சு அடிச்சாங்களா?"

அப்பாவின் முகம் திரையில் அப்படியே நின்றது. இணையம் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அவர் கண் சிமிட்டியது தெரிந்தது. சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் விசாரித்தேன். நன்றாகத்தான் இருக்கிறார், காலையில் நடக்கப் போகிறார் என்றார்கள். தாரிணி தன்னால்தான் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம், ஒரு வேலை நாளில், ஆய்வகத்தில் இருந்தபோது அப்பாவே கூப்பிட்டார்.

"அவளையும் கூட்டிக்கிட்டு ஊருக்கு வா. இது போன்ல சொல்ற விஷயம் இல்ல" என்றார்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்ப முடிவு செய்தோம். எனக்கும் தாரிணிக்கும் ஜெர்மன் பாஸ்போர்ட், விசா வேண்டும். தாய் பிறந்த ஊர் என்ற கட்டத்தில் அவள் எழுதிய எழுத்துக்கும் என் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்கும் ஒத்துப்போகவில்லை. என் பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது விதமாக இருந்தது. படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது. எந்த எழுத்தில் எழுதினால் என்ன, ஒரே ஊர்தான் என்று கவுன்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். உங்களுக்குத் தெரியும், எங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது.

4

பாபநாசத்தில் இறங்கிய மறுநாள் காலை, இட்லி சாப்பிட்டு முடித்ததும் அப்பா எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்தார். சட்டை போட்டுப் பொத்தான்களை எல்லாம் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகிறவரைப் போல இருந்தார்.

அவருடைய அப்பாவை, என் தாத்தாவை, ஊரில் எல்லோரும் மிராசு என்றுதான் சொல்வார்கள். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். தாத்தா என்று எழுத இப்போது கை வரவில்லை.

அப்பா அப்போது கும்பகோணத்தில் பி.எஸ்சி. கடைசி வருடம். அறுவடைக்கு ஊருக்கு வந்திருந்தார். கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டு ஆட்கள் களத்தில் இறங்காமல் நின்றார்கள். எல்லோருக்கும் சேர்த்துப் பேசியது வைரக்கண்ணு.

"அவன் என்னைவிடப் பத்து வயசு மூத்தவன். வாய்க்கால் நெறையத் தண்ணி வந்தா என்னைத் தோள்ல தூக்கி அக்கரையில விடுவான்" என்று அப்பா சொன்னபோது தாரிணி குறுக்கிட்டாள்.

"பெரியவங்களை அவர்னு சொல்லணும்னு நீங்கதானே தாத்தா சொல்லிக் குடுத்தீங்க?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. அவளுக்கு நிஜமாகவே சந்தேகம்.

அப்பா அவளைப் பார்த்தார். "ஆமாம்மா. அவர்தான்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்றே சொன்னார். இரண்டு இடத்தில் நாக்கு பழைய வழிக்குப் போயிற்று. நிறுத்தி, திருத்திக்கொண்டு சொன்னார்.

மிராசும் இன்னும் இரண்டு பேரும் வைரக்கண்ணுவைக் களத்தில் இருந்த தென்னை மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். கையை முறுக்கிக் கட்டியதில் வலது தோள்பட்டை இறங்கிவிட்டது. அப்பா களத்து ஓரத்தில் நின்றார். தடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் துணையோடு வைரக்கண்ணு புகார் கொடுத்தார். போலீஸ் வீட்டுக்கு வந்தது. மிராசு அப்பாவைக் கூப்பிட்டு, நீ படித்தவன், நீ சொன்னால் நம்புவார்கள் என்றார். தேங்காய் பறிக்க ஏறியபோது மரத்திலிருந்து விழுந்தான், நான் பார்த்தேன் என்று அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டார். புகார் அத்தோடு முடிந்தது. பொய்ப் புகார் கொடுத்ததாக வைரக்கண்ணுவை ஒருநாள் முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எங்கள் நிலத்தில் அவர் கால் வைக்கவில்லை. இடது கையாலேயே வேலை செய்து பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

"உங்க அப்பாவுக்குப் பயந்துக்கிட்டு எழுதினீங்களா?" என்று தாரிணி கேட்டாள்.

"பயம் இருந்துச்சு. ஆனா அது இல்ல காரணம். என்னையும் ஒரு ஆளா மதிச்சுக் கூப்பிட்டாரேன்னு பெருமையா இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் வெட்கமா இருக்கு."

இதை அவர் என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை என்றார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் திருத்துறைப்பூண்டி பஸ் நிலையத்துச் சுவரில் வைரக்கண்ணுவின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்திருக்கிறார். இரண்டு தரம் படித்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார். ஒரு மாலை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், போனால் எந்த முகத்தோடு நிற்பது என்று போகவில்லை.

தாரிணி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடிக்கவில்லை. உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

கடைசியில் அப்பா, "அந்தப் பொண்ணு அமுதா எங்க இருக்குன்னு விசாரிக்க முடியுமா?" என்று என்னிடம் கேட்டார்.

5

அமுதா அதே தெருவில்தான் இருக்கிறாள். கிராம சுகாதார செவிலியர். பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் நம்பர் கிடைத்தது. நான் யார் என்று சொல்லி, விஷயத்தைச் சொன்னேன். "சனிக்கிழமை எனக்குத் தடுப்பூசி முகாம் இருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்க" என்றாள். அந்த 'வாங்க' எனக்கு உறைத்தது. பள்ளியில் வாடி போடி என்று பேசியவள்.

நீடாமங்கலம், மன்னார்குடி வழியாகக் காரில் போனோம். சம்பா கதிர் வாங்கி நின்றது. அப்பா வழி நெடுக வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அமுதாவின் வீடு சின்ன மாடி வீடு. அவளும், அவள் சித்தப்பா வேலாயுதமும் இருந்தார்கள். வைரக்கண்ணுவின் தம்பி, எண்பதைத் தொட்டவர். அமுதா நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள். அப்பா உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சார், உள்ள வேண்டாம். எங்க அப்பா பொய்ப் புகார் குடுத்தவர்னு வெளியிலதான் பேசினாங்க. வெளியில வந்து சொல்லுங்க."

வாசலில் வந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவில் ஆட்கள் இருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். அப்பாவுக்குக் குரல் முதலில் எழும்பவில்லை. நாற்பது வருடம் வகுப்பெடுத்தவர்.

"வைரக்கண்ணு மரத்துலேருந்து விழல. எங்க அப்பா அவரைக் கட்டி வச்சு அடிச்சாரு. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். விழுந்தாருன்னு பொய்யா எழுதிக் குடுத்தவன் நான்தான்."

ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வேலாயுதம் பேசினார். சத்தம் போடாமல்தான் பேசினார்.

"இது எங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதாங்க. அண்ணனைத் தூக்கிட்டு வந்தவன் நான். நீங்க இதைச் சொல்ல வேண்டியது உங்க தெருவுல."

அப்பா கிளம்பலாம் என்று சொல்வார் என நினைத்தேன். அப்படிச் சொன்னால் நல்லது என்றும் நினைத்தேன், மறைக்கவில்லை. எங்கள் தெருவில் என் சித்தப்பா குடும்பம் இருக்கிறது. அவர் மகள் எனக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி. கல்யாணம் காட்சி என்றால் நாங்கள் போய் இறங்கும் வீடு அது.

அப்பா, "சரிதான்" என்றார். கார் வேண்டாம், நடந்தே போகலாம் என்றார்.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் பத்து நிமிட நடை. அமுதாவும் வந்தாள். வேலாயுதம் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தார். வேறு சிலரும் வந்தார்கள். ஒரு காலத்தில் அவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்த தெரு அது என்று தாரிணியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் எல்லோருடைய கால்களையும் பார்த்தாள்.

சித்தப்பா முன்கட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்துச் சிரித்தபடி எழுந்தவர், பின்னால் வந்தவர்களைப் பார்த்து நின்றுவிட்டார். அப்பா கேட்டுக்கு வெளியிலேயே நின்று, அங்கே சொன்னதையே வார்த்தை மாறாமல் சொன்னார். இந்த முறை குரல் எழும்பியது. எதிர் வீடு, பக்கத்து வீடு எல்லாம் கதவு திறந்தது.

"அண்ணே, உள்ள வாங்க. எதுக்கு இப்ப இதெல்லாம்? அப்பா செத்து எத்தனை வருஷம் ஆச்சு" என்றார் சித்தப்பா.

"அப்பாவைப் பத்தி இல்லடா. பொய் சொன்னவன் நான். நான் இன்னும் சாகல" என்றார் அப்பா.

சித்தப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மற்ற வீடுகளும் ஒன்றொன்றாகச் சாத்திக்கொண்டன. ஒருவர் கூட இறங்கி வரவில்லை.

திரும்பும்போது பாலத்துக்கு மேல் அப்பாவால் நடக்க முடியவில்லை. கட்டைச் சுவரில் உட்கார வைத்தோம். அமுதா அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வேட்டியை ஒதுக்கி, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது.

"எத்தனை நாளா இப்படி வீங்கியிருக்கு சார்?"

ஒரு மாதமாக என்றார் அப்பா. பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, ஊறுகாய் சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். அவர் பரீட்சையில் மாட்டிக்கொண்ட மாணவனைப் போலப் பதில் சொன்னார். நாளைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எழுந்து நின்ற பிறகு சொன்னாள்: "மன்னிச்சேன்னு நான் சொல்ல மாட்டேன் சார். அதைச் சொல்ல வேண்டியவர் போயிட்டாரு. நீங்க வந்தீங்க, ரெண்டு தெருவுலயும் சொன்னீங்க. அதை நான் எங்க வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

அப்பா தலையை ஆட்டினார். அதற்கு மேல் அவரும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

6

ஜெர்மனி திரும்பிய வாரத்தில் சித்தப்பா வீட்டார் என்னைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். சித்தப்பா மகள் என் போனை எடுப்பதில்லை. வருத்தம்தான். ராத்திரி தூக்கம் கெடுகிற அளவுக்கு இல்லை என்பது எனக்கே ஆச்சரியம். அப்பாவுக்குப் புது மாத்திரையில் வீக்கம் குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு மறுபடி நடக்கிறது. இப்போது அவர் பேச்சில் தவறினால் தாரிணி திருத்துகிறாள். அவர் ஒப்புக்கொள்கிறார்.

கட்டுரையைப் பள்ளியில் கொடுப்பதற்கு முன்னால், பெயர்களை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியை சொன்னாராம். தாரிணி தாத்தாவைக் கேட்டாள். மாற்ற வேண்டாம், இனிஷியலோடு போடு என்றார் அவர்.

வைரக்கண்ணுவின் பெயரைப் போட அமுதாவிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று தாரிணியே சொன்னாள். என் போனிலிருந்து, தனக்குத் தெரிந்த தமிழில் அவளே பேசி அனுப்பினாள். பதில் வர இரண்டு நாளாயிற்று. குரல் பதிவு. பின்னால் குழந்தைகள் அழும் சத்தம், தடுப்பூசி முகாமிலிருந்து பேசியிருக்கிறாள்.

"பேரைப் போடச் சொல்லுடி. கூட இன்னொண்ணும் எழுதச் சொல்லு. எங்க அப்பாவுக்கு மரம் ஏறத் தெரியாது. சின்னதுலேருந்தே பயம். ஒரு முருங்கை மரம் கூட ஏறினதில்ல. அவர் அடி வாங்கினதைக்கூட அப்புறம் பேசமாட்டாரு. மரம் ஏறினேன்னு எழுதிட்டாங்களே, எனக்கு மரம் ஏறத் தெரியாதேன்னுதான் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

தாரிணி அதை மூன்று முறை கேட்டாள். பிறகு கட்டுரையின் கடைசியில் ஜெர்மனில் ஒரு வரி சேர்த்தாள். திரு. வைரக்கண்ணுவுக்கு மரம் ஏறத் தெரியாது.